மூன்று நீல ஹெல்மெட்

நிச்சயதார்த்தத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவே உள்ள நாட்களில் ஒரு ஆண்பிள்ளை தன்னைப் பற்றிச் சொல்லும் எதையும் நம்பக் கூடாது. அந்த நாட்களில் அவனுக்கு நீச்சல் தெரியும், பாம்பைக் கையால் பிடிக்கத் தெரியும், கலெக்டர் ஆபீசில் எல்லோரையும் தெரியும். கேட்கிறவர்கள் சிரித்துவிட்டு நகர்ந்தால் யாருக்கும் சேதமில்லை. என் விஷயத்தில் நான் சொன்னதை நம்பிவிட்டார்கள்.

உண்மையில் நான் பயந்தவன். பட்டாசுக்குப் பயம், நாய்க்குப் பயம், ஷேர் ஆட்டோவில் ஓரத்தில் உட்காரப் பயம். பள்ளியில் கபடி ஆடும்போது எதிரணிக்காரன் பாடிக்கொண்டே கோட்டைத் தாண்டினால் போதும், நானே வெளியே போய் உட்கார்ந்துகொள்வேன். (அவன் வந்து தொடணும்னு அவசியமே இல்ல.) வேகமாக வரும் எந்தப் பொருளும் என்னைத் தேடித்தான் வருகிறது என்பது சின்ன வயதிலிருந்தே என் அசைக்க முடியாத நம்பிக்கை.

2008-ஆம் வருஷம் எனக்கு இருபத்தேழு வயது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தேன். கேஸ் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு ஆபீசுக்கும் கோர்ட்டுக்கும் நடப்பதுதான் நான் செய்த ஒரே உடற்பயிற்சி. அப்போதுதான் சிதம்பரத்தில் பெண் அமைந்தது. பெயர் சுகந்தி. தனியார் பள்ளி ஒன்றில் விளையாட்டு டீச்சர் என்றார்கள். ரிங் பால், கயிறு தாண்டுவது, சுதந்திர தினத்தன்று பிள்ளைகளை வரிசையில் நிற்க வைப்பது என்று நானாகவே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். சிலம்பம் என்று யாரும் சொல்லவில்லை. (சொல்லியிருந்தா யோசிச்சிருப்பியான்னு கேக்காதீங்க. போட்டோ அப்படி இருந்துச்சு.)

நிச்சயம் முடிந்த இரண்டாவது வாரம், சுகந்தியின் அண்ணன் அருள் போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்துபோகச் சொன்னார். அருள் மச்சான் சிதம்பரத்தில் பைக் ஒர்க் ஷாப் வைத்திருந்தார். அண்ணனும் தங்கையும் சேர்ந்து, சுகந்தி வேலை பார்த்த பள்ளியின் மைதானத்தில் ஞாயிறுதோறும் பெண்களுக்குச் சிலம்பம் சொல்லிக்கொடுத்தார்கள். பன்னிரண்டு பேர் வருவார்கள். கல்லூரிப் பெண்கள், ஜவுளிக் கடையில் வேலை செய்யும் இரண்டு பேர், ஒரு நர்ஸ்.

நான் போனபோது சுகந்தி மைதானத்தின் நடுவில் கம்பு சுற்றிக்கொண்டிருந்தாள். கம்பு என் கண்ணுக்குத் தெரியவில்லை. சத்தம்தான் கேட்டது. பெரிய வண்டு ஒன்று கோபமாகப் பறப்பது போல ஒரு சத்தம். நான் மைதானத்துக்குள் போகாமல் வேப்பமரத்துக்குப் பின்னால் நின்று, மரம் எவ்வளவு தடிமன் என்று கையால் தடவிப் பார்த்துக்கொண்டேன். அவள் சுற்றுவதை நிறுத்திவிட்டு, மூச்சு வாங்காமல், "வாங்க, பஸ்ஸு கூட்டமா இருந்துச்சா?" என்று கேட்டாள். இந்தப் பெண்ணிடம் ஒருநாளும் குரலை உயர்த்தக் கூடாது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன். இன்றுவரை அதில் மாற்றமில்லை.

அன்று அவர்களுக்கு ஒரு கவலை. அந்த வருஷம் அவர்கள் போகவிருந்த சிலம்பப் போட்டியில் தொடுமுறையும் உண்டு என்று சொல்லியிருந்தார்கள். அதாவது தனியாகக் கம்பு சுற்றிக் காட்டுவது மட்டும் போதாது. இரண்டு பேர் எதிரெதிரே நின்று, கம்பு முனையால் மற்றவரின் உடம்பைத் தொட்டுப் புள்ளி எடுக்க வேண்டும். பழகிப் பார்த்த இரண்டே வாரத்தில் ஒரு பெண்ணுக்கு விரல் வீங்கிவிட்டது, இன்னொருத்திக்கு முன்கை முழுக்க நீலம். பள்ளித் தலைமையாசிரியை கூப்பிட்டு, உடம்புக்குப் பாதுகாப்பு இல்லாமல் என் மைதானத்தில் சண்டை கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தலைக்கு, மார்புக்கு, கைக்கு எல்லாவற்றுக்கும் கவசம் வேண்டும். அதெல்லாம் எங்கே கிடைக்கும், எதை வாங்குவது என்று அண்ணனும் தங்கையும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அத எங்கிட்ட உடுங்க மச்சான்" என்றது ஒரு குரல். யார் என்று திரும்பிப் பார்த்தேன். நான்தான்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். காலேஜ் கிரிக்கெட் டீமில் மூன்று வருஷம் இருந்தேன், ஹெல்மெட், பேடு, கிளவுசு எல்லாம் எனக்கு அத்துப்படி என்று சேர்த்துச் சொன்னேன். நான் டீமில் இருந்தது நிஜம். மூன்று வருஷமும் ஸ்கோர் எழுதினேன். பந்து வரும் தூரத்துக்கு வெளியே, சாமியானா பந்தலுக்குள் உட்கார்ந்து. சுகந்தி என்னைக் கொஞ்சம் மரியாதையோடு பார்த்தாள். அந்தப் பார்வைக்காக நான் பீரங்கி வாங்கி வரவும் ஒத்துக்கொண்டிருப்பேன்.

திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் ரோட்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு விளையாட்டுச் சாமான் கடை இருந்தது. கடைக்காரர் ஒரு பாய். நிதானமான மனிதர். என்ன விளையாட்டு என்று கேட்டார். சிலம்பம், சண்டை போடுகிற சிலம்பம் என்றேன்.

"அப்ப என்னா வந்து மேல படும் தம்பி? கம்பு எத்தன தடி? ஒரு கம்பு கையோட கொண்டாந்திருந்தா ஜாஸ்தி யோசிக்க வேணாம், வச்சுப் பாத்தே எடுத்துடலாம்" என்றார்.

அவர் கேட்டதுதான் சரியான கேள்வி. முழு ஊரிலும் அன்று அந்தக் கேள்வியைக் கேட்ட ஒரே ஆள் அவர். நானோ, கம்பெல்லாம் எதற்கு, எனக்குத் தெரியாதா என்று சொல்லிவிட்டு அலமாரியைப் பார்க்கப் போய்விட்டேன்.

எனக்குத் தெரிந்த ஒரே தேர்வு முறை பயம்தான். ஒவ்வொரு சாமானையும் எடுத்து, இதை நான் போட்டுக்கொண்டு சுகந்திக்கு எதிரே நின்றால் எப்படி இருக்கும் என்று கண்ணை மூடி யோசித்தேன். பயம் குறைந்தால் வாங்குவது, குறையாவிட்டால் வைத்துவிடுவது. டேக்வாண்டோ ஆடுகிறவர்கள் போடும் மார்புக் கவசம் மெத்தை மாதிரி இருந்தது. பயம் குறைந்தது, வாங்கினேன். கிரிக்கெட் கிளவுசு, ஸ்கேட்டிங் பிள்ளைகள் மாட்டும் முழங்கை முட்டி உறைகள், எல்லாம் வாங்கினேன். ஒன்றும் மோசமில்லை.

பிறகு ஹெல்மெட். முகத்துக்கு முன்னால் இரும்புக் கம்பி அடித்த, பளபளவென்று நீல நிறத்தில் கிரிக்கெட் ஹெல்மெட். அதைத் தலையில் மாட்டிக்கொண்டு கடைப் பையனிடம் ஒரு ஸ்டம்பைக் கொடுத்து, உச்சந்தலையில் ஓங்கி அடிக்கச் சொன்னேன். அவன் முதலாளியைப் பார்த்தான். அவர் உன் இஷ்டம் என்பதுபோலக் கையை விரித்தார். அடித்தான். பித்தளை அண்டாவுக்குள் உட்கார்ந்திருப்பது போல 'ணங்' என்றது. ஆனால் வலிக்கவே இல்லை. இன்னொன்று பலமாக அடிக்கச் சொன்னேன். அதுவும் வலிக்கவில்லை. அப்போது எனக்கு வந்த தைரியம் என் வாழ்க்கையில் அதற்கு முன்னால் வந்ததில்லை. மூன்று ஹெல்மெட் கொடுங்கள் என்றேன். சண்டை போடுகிறவர்கள் இரண்டு பேர்தானே என்று பாய் கேட்டார். ஒன்று ஸ்பேர் என்றேன். (ஸ்பேர் எனக்கு. பாக்கறவன் மண்டையும் மண்டதான.)

கடைசியாக ஒன்று பாக்கி இருந்தது. கிரிக்கெட் ஆடும் ஆண்கள் அடிபடாமலிருக்கப் பேண்டுக்குள் வைத்துக்கொள்ளும், கிண்ணம் போன்ற கார்டு. பெண்கள் குழுவுக்கு அது தேவையே இல்லை. ஆனால் மைதானத்தில் என்னையும் யாராவது கம்பு முன்னால் நிறுத்திவிட்டால்? கல்லாவில் பாயின் மகள் உட்கார்ந்திருந்தாள். நான் குரலைத் தாழ்த்தி, "பாய், அது ஒண்ணு" என்றேன். எது என்றார். அதுதான் என்றேன். அவர் முழங்கால் உறையா, விசிலா, தண்ணி பாட்டிலா என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். கடைசியில் நான் விரலால் சுட்டிக் காட்டினேன், கண்ணாடிப் பெட்டியையும் என்னையும். அதை இடுப்பில் கட்டும் பட்டையைத் தனியாக வாங்க வேண்டும் என்பதை அவர் சொல்வதற்குள் நான் வெளியே வந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு காலை இரண்டு சாக்குப் பைகளோடு சிதம்பரம் பஸ் ஏறினேன். பைக்குள் அடங்காத ஒரு ஹெல்மெட் மடியில். சிப்காட் ரசாயனத் தொழிற்சாலைகளைத் தாண்டும்போது எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நான் மட்டும் ஹெல்மெட்டை மாட்டிப் பார்த்தேன், வாசனையை அது தடுக்குமா என்று. தடுக்கவில்லை. சும்மா வெளியே பார்த்தேன். கம்பிகளுக்கு நடுவே புதுச்சத்திரம், முட்லூர், வயல், பனைமரம் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. இவ்வளவு தெளிவாகத் தெரிகிறதே என்று சந்தோஷப்பட்டேனே தவிர, ஏன் தெரிகிறது என்று ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை.

மைதானத்தில் எனக்குக் கிடைத்த வரவேற்பை என்னவென்று சொல்வது. பெண்கள் எல்லாம் சுற்றி நின்றுகொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்கள். வருங்கால மாமியார், கூஜா நிறைய காபியும் தட்டு நிறைய சுழியமும் கொண்டுவந்து நிழலில் நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்தார். அருள் மச்சான் ஹெல்மெட்டின் உச்சியில் தட்டிப் பார்த்துவிட்டு, "நல்லா திடமா இருக்கு மாப்ள" என்றார். சுகந்தி மட்டும் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது பந்துக்குன்னு செஞ்சதுதானே? கம்புக்குத் தாங்குமா?" என்று கேட்டாள்.

பந்து தோல், கம்பு மரம், பந்து அதைவிட வேகம், அதையே தாங்குகிறது என்று நான் விளக்கினேன். கோர்ட்டில் எங்கள் வக்கீல் பேசும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வாரோ அப்படி வைத்துக்கொண்டேன். அப்படி முகம் வைத்தால் எதிரே உள்ளவர்கள் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள்.

அருள் மச்சான் அப்போது சாதாரணமாக ஒன்று சொன்னார். "மாப்ளதான் கிரிக்கெட்டு ஆடுன ஆளு. மொதல்ல அவரே மாட்டிக்கிட்டு நிக்கட்டும். சுகந்தி மெதுவா நாலு வீச்சு வீசிப் பாக்கட்டும். அதுக்கப்புறம் பொண்ணுங்களுக்குப் போடலாம்."

கடையில் கண்ணை மூடி யோசித்தபோது குறைந்திருந்த பயமெல்லாம் வட்டியோடு திரும்பி வந்தது. அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். சுகந்தி கம்பைக் கையில் எடுத்துவிட்டாள். காலையில் பஸ்ஸில் கழுத்துப் பிடித்துக்கொண்டது என்றேன். ஹெல்மெட் கனம் தாங்காது என்றேன். அது போதாதென்று தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தும் காட்டினேன். மாமியார் பதறிப்போய்த் தைலம் எடுத்துவர ஆள் அனுப்பினார். அருள் மச்சான், "அப்ப உக்காருங்க மாப்ள, சுகந்தியே போட்டுக்கட்டும்" என்றார்.

நான் உட்கார்ந்தேன். உயிர் திரும்பி வந்தது. எனக்குப் பதிலாக யார் நிற்கப்போகிறாள் என்பது அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவே இல்லை. இந்தக் கதையில் நான் இன்றும் நினைத்து வெட்கப்படுவது இந்த இடம்தான். மற்றதெல்லாம் சிரிப்பதற்கு.

சுகந்தியும் ரேவதியும் கவசம் மாட்டிக்கொண்டார்கள். ரேவதி கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். உயரமானவள், இடது கைக்காரி, குழுவில் அவள் குத்துதான் வேகம். கம்பு முனையை முன்னால் செலுத்துவதைக் குத்து என்பார்கள். முகத்தில் குத்தக் கூடாது என்பது விதி. ஆனால் விதியைப் பற்றிக் கம்புக்குத் தெரியாது. அருள் மச்சான் கை காட்டினார். ஆரம்பித்தார்கள்.

நான் சாய்த்த தலையோடு சுழியத்தைக் கடித்துக்கொண்டு பார்த்தேன். நன்றாகத்தான் போனது. ரேவதியின் கம்பு சுகந்தியின் மார்புக் கவசத்தில் பட்டு 'டொப்' என்றது. சுகந்தி அசையவே இல்லை. பெண்கள் கை தட்டினார்கள். மாமியார் என்னைப் பார்த்துச் சிரித்தார். ஸ்பேர் ஹெல்மெட் என் மடியில் இருந்தது. பக்கத்தில் யாரோ சாய்த்து வைத்திருந்த கம்பு ஒன்று என் கைக்கு எட்டியது. சும்மா இருக்க முடியாத கை. கம்பை எடுத்து, முனையால் ஹெல்மெட்டின் கம்பிகளைத் தடவினேன். வீணையில் விரல் ஓட்டுவது மாதிரி.

கம்பு உள்ளே போய்விட்டது.

எந்தத் தடையும் இல்லை. மேலே தொப்பி விளிம்புக்கும் முதல் கம்பிக்கும் நடுவே, ஆடுகிறவனுக்குப் பந்து தெரிய வேண்டும் என்பதற்காக விட்டிருக்கும் இடைவெளி. பந்து நுழையாது. கட்டைவிரல் தடிமனுள்ள கம்பு நுழைகிறது. நான் வெளியே இழுத்தேன். மறுபடி விட்டேன். மறுபடி போனது. உள்ளே, தலை இருக்கிற இடத்தில், கம்பின் முனை சரியாக எங்கே நிற்கிறது என்று பார்த்தேன். கண் இருக்கிற இடத்தில்.

நிமிர்ந்து பார்த்தேன். ரேவதி பின்னால் ஒரு எட்டு வைத்து அடுத்த குத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். நிறுத்துங்கள் என்று கத்த வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை. அப்படி ஒன்று நடக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், கனவில் நடந்திருக்கிறது, பட்டப்பகலில் நடந்தது அன்றுதான். "நி... நி..." என்று காற்றுதான் வந்தது. கையை ஆட்டினேன். அருள் மச்சான் நான் உற்சாகப்படுத்துகிறேன் என்று நினைத்துப் பதிலுக்குக் கையை ஆட்டினார். ரேவதியின் குத்து சுகந்தியின் தோளில் பட்டு வழுக்கி மேலே போனது. கன்னத்துப் பக்கக் கம்பியில் அது உரசிய சத்தம் எனக்கு இன்றும் கேட்கும். கண்ணுக்கும் அதற்கும் நடுவே ஒரு விரற்கடைதான்.

அதற்குப் பிறகு நான் எதையும் முடிவு செய்யவில்லை. கால்கள்தான் செய்தன. வாழ்க்கையில் எப்போதும் கம்புக்கு எதிர்த்திசையில் ஓடிப் பழகிய கால்கள், அன்று திசை தெரியாமல் குழம்பிவிட்டனவோ என்னவோ, மடியிலிருந்த ஹெல்மெட் உருள, தட்டு கவிழ, இரண்டு பேருக்கும் நடுவே என்னைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டன. ரேவதி என்னைப் பார்த்துக் கம்பைப் பின்னால் இழுத்துவிட்டாள். சுகந்தி பார்க்கவில்லை. அந்த ஹெல்மெட்டில் பக்கவாட்டில் எதுவுமே தெரியாது என்பதும் அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அவள் முழுச் சுற்றாகச் சுற்றி வீசிய வீச்சு, நான் முகத்தை மறைக்கத் தூக்கிய வலது முழங்கையில் இறங்கியது.

சுள்ளி ஒடிவது போல ஒரு சத்தம். கம்பு ஒடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். கம்புக்கு ஒன்றும் ஆகவில்லை.

மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். சுகந்தி ஹெல்மெட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடிவந்தாள். முகம் வெளிறியிருந்தது. எதற்கு உள்ளே வந்தீர்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். எனக்கு இன்னும் பேச்சு வரவில்லை. இடது கையால் கீழே கிடந்த கம்பை எடுத்து, அவள் எறிந்த ஹெல்மெட்டை இழுத்து, அந்த இடைவெளியில் விட்டுக் காட்டினேன். உள்ளே போனது. இன்னொரு தரம் காட்டினேன்.

அருள் மச்சான் ஹெல்மெட்டை வாங்கி, தானும் ஒரு தரம் கம்பை விட்டுப் பார்த்தார். பிறகு ரேவதியைப் பார்த்தார். அவள் கையிலிருந்த கம்பைக் கீழே போட்டுவிட்டு அழ ஆரம்பித்தாள். சுகந்தி தன் வலது கண்ணை உள்ளங்கையால் ஒரு தரம் மூடித் திறந்தாள். அவ்வளவுதான் செய்தாள். நான் கை வலியில் அழவில்லை. அதைப் பார்த்துத்தான் அழுதேன்.

பிறகு என்னைத் தூக்கி நிறுத்தினார்கள். நிற்க வைத்ததும், என் பேண்டுக்குள் அதுவரை எப்படியோ ஒட்டிக்கொண்டிருந்த அந்தக் கார்டு, கட்டுவதற்குப் பட்டை இல்லாத கார்டு, மெதுவாகத் தொடை வழியாக இறங்கி, முழங்காலில் கொஞ்சம் தயங்கி, செருப்புக்குப் பக்கத்தில் 'டொக்' என்று விழுந்தது.

மாமியார் குனிந்து அதை எடுத்தார். மண்ணைத் துடைத்தார். திருப்பிப் பார்த்தார்.

"என்னா மாப்ள இது, டம்ளரா?" என்றார்.

"அம்மா, அத கீழ வச்சிட்டு நீ வூட்டுக்குப் போ" என்றார் அருள் மச்சான், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

ஆஸ்பத்திரியில் முழங்கை எலும்பில் விரிசல் என்று சொல்லி மாவுக்கட்டுப் போட்டார்கள். ஆறு வாரம் அசைக்கக் கூடாதாம். கல்யாணத்துக்கு நான்கு வாரம்தான் இருந்தது. கட்டுப் போடும்போதே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஸ்கோர் எழுதியது, ஸ்டம்பால் உச்சியில் மட்டும் அடித்துப் பார்த்தது, கழுத்துப் பிடிப்பு பொய் என்பது. அருள் மச்சான் கேட்டுக்கொண்டார். சுகந்தி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கடலூர் பஸ்ஸில் ஏற்றிவிடும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

அடுத்த ஒன்பது நாட்கள் போன் வரவில்லை. நான் செய்யவும் துணியவில்லை. கல்யாணம் நின்றுவிடும் என்ற பயம் ஒரு பக்கம். அது கூடப் பரவாயில்லை. கண்ணை மூடினால் கம்பு உள்ளே போனது. டீ குடிக்கும்போது போனது, கோர்ட் வாசலில் நிற்கும்போது போனது. ஒவ்வொரு தரமும் முனை நின்ற இடத்தில் சுகந்தியின் முகம் இருந்தது. வீட்டில் அம்மா தோசை ஊற்றிக்கொண்டே, பெண் வீட்டில் என்ன சொல்கிறார்கள் என்று கேட்பாள். கை வலிக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்துபோவேன்.

பத்தாம் நாள் மத்தியானம் சுகந்தி நேராக எங்கள் வக்கீல் ஆபீசுக்கே வந்துவிட்டாள். கையில் ஆளுயரக் கம்பு. வாசலில் உட்கார்ந்திருந்த இரண்டு கட்சிக்காரர்கள் எழுந்து தெருவுக்குப் போய்விட்டார்கள். எதிர்த்தரப்பு ஆள் அனுப்பியிருக்கிறது என்று வக்கீல் நினைத்து அறைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டார். (பின்னாடி கேட்டப்ப, முக்கியமான டிராப்ட்டு பாத்துட்டிருந்தேன்னாரு.) சுகந்தி என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"வாங்க, அந்தக் கடைக்குப் போவணும்" என்றாள்.

ஷேர் ஆட்டோவில் கம்பு நுழையவில்லை. நடந்தோம். பாதி வழியில் சுகந்தி, ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அன்னைக்கு நீங்க அத மாட்டிக்கப் பயந்தீங்க. அது தப்பில்ல. பயமா இருக்குன்னு வாயத் தொறந்து சொல்லியிருந்தா, வாங்கியாந்தவரே பயப்படுறாரேன்னு நாங்க ஒரு நிமிஷம் நின்னு யோசிச்சிருப்போம். கழுத்து வலின்னுட்டீங்க."

கொஞ்ச தூரம் போனதும், "இனிமே பயமா இருந்தா சொல்லுவீங்களா?" என்று கேட்டாள்.

"இப்பவே பயமாத்தான் இருக்கு. கல்யாணத்த நிறுத்திடுவீங்களோன்னு" என்றேன்.

"அத இன்னும் யோசிக்கல. மொதல்ல தலைக்கு என்னா போடறதுன்னு பாப்போம்" என்றாள்.

கடையில் பாய் முதலில் என் கட்டைப் பார்த்தார், பிறகு கம்பைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. அந்த மரியாதைக்கு அவருக்கு நான் என்றும் நன்றியோடு இருக்கிறேன். சுகந்தி கடையை ஒரு வழி பண்ணிவிட்டாள். எதைக் காட்டினாலும் முதலில் கம்பு முனையை வைத்து அழுத்திப் பார்த்தாள். குத்துச்சண்டைத் தலையுறை, முகம் திறந்திருந்தது, வேண்டாம். ஹாக்கி கோல்கீப்பர் ஹெல்மெட், அதிலும் இடைவெளி, வேண்டாம். கிரிக்கெட் கிளவுசில் கட்டைவிரல் பக்கம் பஞ்சு போதவில்லை என்று கண்டுபிடித்தாள். கடைசியில் பாய் ஒரு புத்தகத்தைப் பிரித்து, வாள்வீச்சு ஆடுகிறவர்கள் போடும் முகமூடியின் படத்தைக் காட்டினார். முகம் முழுக்கச் சல்லடை போன்ற நெருக்கமான இரும்பு வலை, தொண்டையை மறைக்கக் கீழே தடித்த துணி. கம்பு முனை என்ன, பென்சில் முனைகூட நுழையாது. பின்பக்கத்தில் மட்டும் பாதுகாப்பு குறைவு, மண்டையில் வீச்சு விழுந்தால் தாங்குமா என்று அவள் கேட்டாள். அதற்கு உள்ளே பஞ்சுத் தலையுறை ஒன்று போட்டுக்கொள்ளலாம் என்றார் பாய். வரவழைத்துத் தரச் சொன்னாள். கம்பு முனைகளில் ரப்பர் வைத்துத் துணி சுற்றிக் கட்டுவது என்றும் முடிவானது. நீல ஹெல்மெட் மூன்றையும் அவர் மறுபேச்சில்லாமல் திருப்பி எடுத்துக்கொண்டார். அந்தக் கார்டை மட்டும் திருப்பித் தர முடியாது என்றார்.

முகமூடிகள் வந்தபோது, முதலில் மாட்டிக்கொண்டு நிற்க ஆள் வேண்டும் என்று அருள் மச்சான் சொல்லி முடிப்பதற்குள், எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது, ஆனால் நிற்கிறேன் என்றேன். ஒரு கையில் மாவுக்கட்டோடு நின்றேன். சுகந்தி கம்பு முனையை வலையில் வைத்து மெதுவாக அழுத்தினாள், பிறகு கொஞ்சம் வேகமாக, பிறகு நன்றாகவே. உள்ளே நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு கடலூர் சப்-கோர்ட்டில் நிலுவையில் இருந்த எங்கள் கேஸ் நம்பர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒன்றும் நுழையவில்லை. அந்த வருஷம் குழு தொடுமுறையில் கலந்துகொள்ளவில்லை, கம்பு சுற்றிக் காட்டுவதோடு நிறுத்திக்கொண்டார்கள். அடுத்த வருஷம் ரேவதி இரண்டாம் இடம் வந்தாள்.

கல்யாணம் குறித்த தேதியில் நடந்தது. தாலியின் ஒரு முனையை நான் இடது கையால் பிடிக்க, முதல் முடிச்சையே என் அக்காதான் போட வேண்டியிருந்தது. போட்டோகிராபர் மாவுக்கட்டு தெரியக் கூடாது என்று அங்கவஸ்திரத்தை அதன்மேல் போர்த்திவிட்டார். ஆல்பத்தில் பார்த்தால், நான் எதையோ திருடி மறைத்துக்கொண்டு மணவறையில் உட்கார்ந்திருப்பது போல இருக்கும். முழங்கை இன்றும் முழுதாக நீளாது. பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிக்க இடது கைதான்.

வீட்டுக்கு வருகிறவர்கள் ஆல்பத்தைப் புரட்டும்போது, கையில் என்ன ஆச்சு என்று கேட்காமல் போவதில்லை. நான் காபி போட எழுந்துவிடுவேன். பதில் சொல்வது சுகந்திதான். பதினைந்து வருஷமாக அதே பதில், முகத்தில் சிரிப்பே இல்லாமல்:

"நாங்க எதையும் அடிச்சுப் பாத்துத்தாங்க எடுக்கறது."